சாவியைக் கொடுத்தது நான்தான்!

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மாவிளக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் டெலிபோன் மணி அடித்தது.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருந்தாலும் அந்தப் பழைய லேண்ட்லைனை எடுக்க விடாமல் வைத்திருப்பவர் என் மாமியார். எண்பத்திரண்டு வயது. செல்போனில் அவருக்கு விரல் ஓடாது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தங்கை, மாம்பலத்து ஓரகத்தி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரே ஒரு ஸ்நேகிதி, எல்லோரும் அந்த நம்பரில்தான் கூப்பிடுவார்கள். மணி அடித்தால் "எனக்குத்தான்" என்று எழுந்து போய்விடுவார். அன்றும் போனார். நான் மாவுக் கையோடு உள்ளேயே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேச்சு. அப்புறம் பீரோ திறக்கிற சத்தம். ஆடி வெள்ளி, பட்டுப்புடவை எடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி கழித்துக் கீழ் ஃபிளாட்டுப் பையன் மாடியேறி வந்தான்.

"ஆன்ட்டி, பாட்டி சொன்ன மாதிரி பதினெட்டாயிரம் அனுப்பிட்டேன். என் அக்கவுண்ட்ல அவ்வளவுதான் இருந்துது. மீதி நாற்பதாயிரத்தை அக்காகிட்ட கேட்டு அனுப்பட்டுமா?"

"எதுக்குடா?"

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு பாட்டி சொன்னாங்க... ஆனா பெரிய தொகையா இருக்கேன்னுதான்..."

உள்ளே மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாஸ்புக். கழற்றி வைத்த இரண்டு வளையல். முகமெல்லாம் வேர்வை. கேட்கக் கேட்க அழுகைதான் வந்ததே தவிரச் சொல் வரவில்லை.

விஷயம் இதுதான். "பாட்டிம்மா, நான் பட்டு ஃப்ரெண்ட் பேசறேன்" என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். 'பட்டு' என்பது கோயமுத்தூரில் எஞ்ஜினீயரிங் படிக்கும் என் பிள்ளைக்கு வீட்டுப் பெயர். காலேஜில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்பான். புது பைக்கில் போனபோது லாரி இடித்துவிட்டதாம். பைக்கின் நிறத்தைக் கூடச் சொன்னானாம். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட வேண்டும், பட்டுவின் போன் உடைந்துவிட்டது, 'ஆன்ட்டிக்கு பி.பி. இருக்குல்ல, அதனால அவங்ககிட்ட இப்ப சொல்லாதீங்க, பட்டுவே சொல்லச் சொன்னான்' என்று அவன் சொன்னதுதான் மாமியாரை விழுத்தாட்டிவிட்டது. என் உடம்பைப் பற்றி என் பிள்ளையைத் தவிர வேறு யார் அவ்வளவு கவலைப்படப் போகிறார்கள்?

நான் நடுங்கிக்கொண்டே பிள்ளைக்குப் போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"என்னம்மா? மெஸ்ல இருக்கேன். இன்னிக்கு சாம்பார்ல உப்பே இல்ல."

அந்த உப்பில்லாத சாம்பாருக்கு நான் எத்தனை தெய்வங்களுக்கு நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கீழ் வீட்டுப் பையன் கெட்டிக்காரன். "1930-க்கு உடனே போன் பண்ணுங்க ஆன்ட்டி, ஒரு மணி நேரத்துக்குள்ள சொன்னா பணத்தை நடுவுல நிறுத்த முடியும்" என்றான். இணையத்தில் பண மோசடி நடந்தால் இந்தியா முழுக்க ஒரே நம்பர் அது. எந்த வங்கியிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அவர்கள் தகவல் கொடுக்கிறார்கள். ஆனால் இந்தக் கும்பல்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று சில நிமிஷங்களில் தள்ளிவிடுகின்றன. எங்களுக்கு மூவாயிரத்துச் சொச்சம் நின்றது. மற்றது போனதுதான். பையனுக்குப் பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பணத்தை விடுங்கள். அதற்கப்புறம் என் மாமியார் டெலிபோனை எடுப்பதில்லை. மணி அடித்தால் என் முகத்தைப் பார்க்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கிருந்து தெரிந்தது?

"யாரோ தெரிஞ்சவாதான் சொல்லியிருக்கணும்" என்றார் என் கணவர். வேலைக்காரி, வாட்ச்மேன், கூரியர்க்காரன், போன வருஷம் வண்ணம் அடிக்க வந்தவர்கள் என்று ஒவ்வொருவராய் நினைத்துப் பார்த்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பத்து வருஷமாக எங்கள் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு ஒரு குண்டூசி கூட எடுக்காத பெண்மணியைப் போய் இரண்டு நாள் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். வேளச்சேரியில் இருக்கிறாள், கையில் ஒன்றரை வயசுக் குழந்தை. கேட்டதும் அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. "உன் போனைக் கொடு" என்று மட்டும் கேட்டு வாங்கி, என் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து, அடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்த கீரையை விட ஆயாத கீரைதான் அன்று அதிகம் போங்கள்!

முதலில் 'பட்டு'. பிள்ளையின் பதினெட்டாவது பிறந்த நாளுக்கு, மொட்டை அடித்த குழந்தைப் படத்தையும் மீசை முளைத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'எங்கள் பட்டுவுக்குப் பதினெட்டு' என்று நானே எழுதியிருந்தேன். தேதி, மாதம், வருஷம் எல்லாம் அதிலேயே கணக்காகக் கிடைக்கிறது.

அடுத்தது காலேஜ். சேர்ந்த அன்று வாசல் வளைவின் கீழ் நின்று எடுத்த படம். கழுத்தில் அடையாள அட்டை. படத்தைப் பெரிதாக்கினால் எந்தப் பிரிவு, என்ன நம்பர் என்று படிக்கலாம்.

பைக்? சரஸ்வதி பூஜையன்று மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்த படம். நம்பர் பிளேட்டுக்கும் பொட்டு வைத்திருந்தேன், நம்பர் மறையாமல்.

என் பி.பி.? நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆனதும், அளக்கிற மெஷினைப் படம் பிடித்து, 'டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார், தோழிகளே நீங்களும் நடங்கள்' என்று உபதேசம் செய்திருந்தேன். நூற்றிருபது பேர் இருதயம் போட்டிருந்தார்கள்.

லேண்ட்லைன் நம்பரை மட்டும் நான் எங்கேயும் எழுதியிருக்க மாட்டேன் என்று சவால் விட்டேன். பெண் பதில் பேசாமல் ஒரு படத்தைக் காட்டினாள். இவருடைய மணிவிழாப் பத்திரிகை. மஞ்சள் தடவி, நான்கு மூலையும் தெரிய, அழகாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறேன். அபிராமபுரத்தில் எந்தத் தெரு, எந்த நம்பர், எத்தனாவது மாடி, டெலிபோன் எண், எல்லாம் தங்க எழுத்தில். 'அவசியம் வரவும்' என்று வேறு!

போதாததற்கு, சம்பவத்துக்கு முந்தின வாரம் நாங்கள் திருநள்ளாறு போனபோது, 'அம்மாவைத் துணைக்கு ஆள் வைத்து விட்டுவிட்டு வந்திருக்கிறோம், மனசெல்லாம் அங்கேதான்' என்று எழுதியிருந்தேன். வீட்டில் வயதானவர் ஒருவர் இருக்கிறார், அவர்மேல் எல்லோருக்கும் உயிர் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

"நான் சொந்தக்காரா, தெரிஞ்சவாளுக்குன்னுதானே போட்டேன்?" என்றேன்.

"இந்த உருண்டையைப் பாரு அம்மா" என்றாள். ஒவ்வொரு பதிவின் மேலேயும் தேதிக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு படம் இருக்கிறது. உலக உருண்டை இருந்தால் உலகத்துக்கே தெரியும். இரண்டு தலை இருந்தால் நாம் ஸ்நேகிதர்களாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு. பூட்டு இருந்தால் நமக்கு மட்டும். என்னுடையது முக்கால்வாசியும் உருண்டை. ஸ்நேகிதர்கள் என்றாலும் பெரிய பாதுகாப்பு இல்லை. என் பட்டியலில் நானூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் பாதிப் பேரைத் தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. கோயில் படம் வைத்துக்கொண்டு வந்து கேட்டவர்களையெல்லாம் 'நல்ல மனுஷாள்' என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் ரகசியமே இல்லை. நாலு வருஷத்தில் சிந்தின கடுகு. ஒருத்தன் பொறுமையாக உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

கோலமும் பால்காரரும்

என் அம்மா மந்தைவெளியில் குடியிருந்தபோது ஊருக்குப் போவதென்றால் என்ன செய்வாள் தெரியுமா? பக்கத்து வீட்டு மாமியிடம் "காலையில என் வாசல்லயும் ரெண்டு இழை இழுத்து விட்டுடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். கோலம் இல்லாத வாசல் 'வீட்டில் ஆள் இல்லை' என்று தெருவுக்குச் சொல்லிவிடும். பால்காரரிடம் கூட "நாலு நாள் பால் வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்வாள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று மூச்சு விட மாட்டாள். வயசு, நகை, பாங்க் இருப்பு, வீட்டுச் சண்டை, டாக்டர் சொன்னது இதெல்லாம் வெளியில் பேசக் கூடாது என்பாள். திருஷ்டி என்று காரணம் சொல்வாள். நான் சிரிப்பேன். அவளுக்குத் தெரிந்த பாஷையில் அவள் சொன்னது சரியான சமாசாரம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவள் பெண்ணான நான் ரயில் ஏறும்போதே எக்மோர் பிளாட்பாரத்திலிருந்து படம் போடுகிறவள்.

இன்னொன்றும் நினைவு வருகிறது. அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் வரன் விளம்பரம் கொடுப்பார்கள். பெண்ணின் பெயர் இருக்காது, விலாசம் இருக்காது. 'பாக்ஸ் நம்பர்' ஒன்று மட்டும் இருக்கும். பதில்கள் பேப்பர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து நம் வீட்டுக்கு வரும். நாலு கடிதத்தைப் படித்து, நமக்குப் பிடித்தவருக்கு மட்டும்தான் நாம் யார் என்றே தெரியும்.

இப்போது? என் நாத்தனார் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரே தாளில் புகைப்படம், பிறந்த தேதி, நேரம், ஊர், கோத்திரம், எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம், அப்பாவுக்குச் சொந்த ஃபிளாட் உண்டா, அம்மாவின் செல் நம்பர். நாத்தனார் எனக்கு அனுப்பினாள். நான் நல்லெண்ணத்தில் மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவர்களும் நல்லெண்ணத்தில் அடுத்த குரூப்புகளுக்குத் தள்ளினார்கள். ஒரு மாதத்தில், கேள்விப்படாத ஊரிலிருந்து ஒருவன் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கே செய்தி அனுப்ப ஆரம்பித்தான். அம்மாவின் நம்பர் மட்டும்தானே கொடுத்தோம், பெண்ணின் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அவள் அழுதாள். யாரோ ஒரு புண்ணியவதி 'நேரில் பேசிக்கொள்ளட்டுமே' என்று கொடுத்திருக்கிறாள்.

அது ஒரு வழியாக ஓய்ந்து நல்ல இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. கல்யாணமாகிப் பதினோராவது மாதம் அவள் மாமனாருக்கு ஏதோ ஒரு குரூப்பில் ஒரு ஜாதகம் வந்தது. அவருடைய மருமகளின் ஜாதகம்! 'நல்ல குடும்பம், உடனே தொடர்பு கொள்ளவும்' என்ற சிபாரிசோடு. அவர் சிரித்துக்கொண்டார். ஆனால் நினைத்துப் பாருங்கள், எல்லா மாமனாரும் சிரிக்கிறவர்கள் இல்லை.

335 பேர் செய்த காரியம்

நம்முடையதை மட்டுமா கொடுக்கிறோம்? 2018-இல் 'கேம்பிரிட்ஜ் அனலிடிகா' என்ற பிரிட்டிஷ் கம்பெனி பற்றி உலகமெங்கும் பேச்சாக இருந்தது ஞாபகம் இருக்கலாம். 'உங்கள் குணம் என்ன?' என்று கேட்கும் ஒரு விளையாட்டுப் பரீட்சையை ஃபேஸ்புக்கில் வைத்து, அதன் மூலம் சேர்ந்த விவரங்கள் அரசியல் பிரசாரத்துக்காக அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தன. இந்தியாவில் அந்தப் பரீட்சையைத் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டவர்கள் 335 பேர்தான். ஆனால் அவர்களுடைய ஸ்நேகிதர்களின் விவரங்களும் சேர்ந்து போனதால், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 5,62,000 பேர் என்று ஃபேஸ்புக் கம்பெனியே கணக்குக் கொடுத்தது. உலகம் முழுவதும் 8 கோடியே 70 லட்சம் வரை. அந்த ஐந்தரை லட்சம் பேரில் பெரும்பாலோர் ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. வேறு யாரோ அழுத்தினார்கள்.

'போன ஜன்மத்தில் நீங்கள் யார்?', 'உங்களுக்கேற்ற ராசிக்கல் எது?' என்று பிறந்த தேதி கேட்டு வரும் விளையாட்டுகளை நான் விட்டதே இல்லை. போன ஜன்மத்தில் நான் ஒரு மகாராணி!

பிறந்த தேதி என்றதும் இன்னொரு சமாசாரம். இணையத்திலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் ஆதார் அட்டையைத் திறக்க என்ன ரகசியச் சொல் தெரியுமா? இங்கிலீஷில் நம் பெயரின் முதல் நாலு பெரிய எழுத்து, பிறந்த வருஷம். அவ்வளவுதான். அந்த அட்டையை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஃபேஸ்புக்கில் பிறந்த வருஷத்தோடு பெயரைப் போட்டிருந்தால் மீதி என்ன இருக்கிறது? அடையாளத்துக்கு மட்டும் ஆதார் கேட்கிற இடங்களில், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த அட்டையையும் இறக்கிக்கொள்ளலாம். என் பெண் சொல்லும்வரை அப்படி ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். சேலம் மாவட்டத்தில் 2016 ஜூன் மாதம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருபத்தோரு வயதுப் பெண், காலேஜ் முடித்தவள். அவளுடைய சாதாரண முகப்படத்தை எடுத்து, வேறு உடம்போடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான் ஒருவன். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். நடவடிக்கை வருவதற்குள் இன்னொரு படமும் வந்துவிட்டது. பெற்றவர்களே தன்னை நம்பவில்லையோ என்ற எண்ணத்தில் அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். தாமதத்துக்காக மாவட்டப் போலீஸ் அதிகாரி பின்னால் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதனால் 'படம் போடாதே' என்று பெண்களை மிரட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. இப்படி ஒரு படம் வந்தால் நம் பெண் முதலில் நம்மிடம் ஓடி வருவாளா, நம்மைக் கண்டு பயப்படுவாளா? எனக்கு அந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. அன்றிரவே என் பெண்ணிடமும், போனில் பிள்ளையிடமும் சொன்னேன்: "என்ன வந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்கோ. நான் உங்களைத்தான் நம்புவேன்." பிள்ளை "என்னம்மா திடீர்னு?" என்றான்.

இம்மாதிரி போலிப் படங்களைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021-இல் மத்திய அரசு இந்தக் கம்பெனிகளுக்கு விதி போட்டது. புகாரை அந்தந்தப் பக்கத்திலேயே செய்யலாம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார்களுக்குத் தனிப் பிரிவே உண்டு, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். படத்தை அழிப்பதற்கு முன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் முதலில் அழித்துவிடுகிறோம், அப்புறம் காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் திருவான்மியூரிலிருந்துதான் இந்த விஷயத்தில் ஒரு பெரிய தீர்ப்புக்கு வித்து விழுந்தது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், ஒருவருடைய குடும்பம், கல்யாணம், தாய்மை, பிள்ளைப்பேறு, படிப்பு பற்றியெல்லாம் அவர் சம்மதமில்லாமல் பிரசுரிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை, கோர்ட் ஆவணத்தில் இருந்தால் கூட வெளியிடக் கூடாது என்றார்கள்.

அப்புறம் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் என்பது நம் அடிப்படை உரிமையே என்று ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. 2012-இல் வழக்குப் போட்டபோது அவருக்கு 86 வயது. என் மாமியாரை விட நாலு வயது பெரியவர்! இதைப் படித்துக் காட்டியபோது அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இத்தனை இருந்தும் என்ன? 2024 டிசம்பரில் இங்கே கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமை நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் விவரங்கள் இருந்த போலீஸ் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதற்காக அவளுக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. கசிந்தது எப்படியோ இருக்கட்டும். அது போன் போனாகப் பரவியது யாரால்? எனக்குத் தெரிந்த ஒரு குரூப்பிலும் வந்தது. போட்டவர் நல்ல பெண்மணி, இரண்டு பெண்களுக்குத் தாய். 'எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள்' என்று மேலே எழுதியிருந்தார். அந்தப் பெண்ணின் ஜாக்கிரதையைப் பற்றி அவருக்குத் தோன்றவில்லை. நான் அதைத் திறக்காமல் அழித்தேன். ஆனால் 'இதை எடுத்துவிடுங்கள்' என்று சொல்ல எனக்கும் அன்று வாய் வரவில்லை.

2023-இல் தனிப்பட்ட விவரங்களைக் காக்க ஒரு புதுச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கு விதிகள் வந்து படிப்படியாக அமலாகின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் விவரத்தைக் கம்பெனிகள் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதில் ஒன்று. என் பெண் இதையெல்லாம் விளக்கிவிட்டு, "ஆனா அம்மா, ஒருத்தர் தானே பொதுவில போட்ட விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வீட்டு மனுஷா வீட்டு விஷயமா செய்யறதுக்கும் பொருந்தாது" என்றாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா, பாட்டி பேத்தியோட படத்தைப் போட்டா சட்டம் ஒண்ணும் பண்ணாது."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

பேத்தி பிறந்த அன்று

ஒன்றரை வருஷம் முன்னால் பேத்தி பிறந்த அன்று காலை, நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்த பத்தாவது நிமிஷம் நான் படம் போட்டுவிட்டேன். எடை, நேரம், நட்சத்திரம், ஆஸ்பத்திரிப் பெயர் எல்லாம். குழந்தையின் கையில் கட்டியிருந்த அட்டை கூடத் தெரிந்தது. பம்பாயில் இருந்த சம்பந்திக்கு மாப்பிள்ளை போன் செய்து சொல்வதற்குள், அவர்களுடைய ஒன்றுவிட்ட தம்பி என் படத்தைப் பார்த்து அவர்களுக்கே வாழ்த்துச் சொல்லிவிட்டாராம்! பிள்ளை வாயால் கேட்க வேண்டிய சந்தோஷத்தை மூன்றாம் மனுஷர் வாயால் கேட்டார்கள். சம்பந்தி அம்மாள் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. என் பெண்ணும் அன்று சொல்லவில்லை.

"பிரசவமாகி அரை மயக்கத்துல இருந்தேன் அம்மா. என் குழந்தையை நான் சரியாப் பார்க்கறதுக்கு முன்னால உன் ஸ்நேகிதாள்ளாம் பார்த்துட்டா" என்று ஒன்றரை வருஷம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அவள் தன் போனில் ஒரு இடத்திலும் குழந்தையின் முகத்தைப் போட்டதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். "அவ பெரியவளாகி அவளுக்கு வேணும்னா போட்டுக்கட்டும்" என்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற படம், இடுப்பில் துணியில்லாமல் தவழ்கிற படம் எல்லாம் நமக்கு ஆசைதான். பார்க்கிறவன் கண்ணும் நம் கண் மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்கூல் போக ஆரம்பித்த குழந்தைகளுக்கு யூனிஃபார்ம், அட்டை, வேன் நிற்கிற இடம் எல்லாம் படத்தில் வந்துவிடுகிறது. 'அம்மா அனுப்பினாங்க, வா' என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பெருக்கினோம். ஃபேஸ்புக்கில் 'பிரைவசி' பகுதியில், பழைய பதிவுகள் அத்தனையையும் ஒரே தட்டில் உலக உருண்டையிலிருந்து இரண்டு தலைக்கு மாற்ற வழி இருக்கிறது. ஒவ்வொன்றாய் மாற்ற வேண்டாம். நானூறு பேரை எண்பத்தாறாகக் குறைத்தேன். பத்திரிகைப் படம், பைக், பேத்தி எல்லாம் அழித்தாயிற்று. யார் எடுத்து வைத்திருந்தாலும் நம் கையில் இல்லை, அது வாஸ்தவம். வாட்ஸ்அப்பில் முகப்படத்தையும் ஸ்டேட்டஸையும் நம்மிடம் நம்பர் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தாள். கண்டவர்கள் குரூப்பில் சேர்க்காதபடியும் செய்தாள். 'டூ ஸ்டெப்' என்று ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றும் வைத்தாள். அதைப் பிறந்த தேதியாக வைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் படம் போடுவதையே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோலம் போடுகிறேன், கொலு போடுகிறேன், வத்தக்குழம்பு போடுகிறேன். நான் ஊரில் இல்லாதபோது ஊருக்குப் போன படம் வராது; திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தபின் வரும். அடுத்தவர் முகம் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுகிறேன். கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, எத்தனை பேர் "வேண்டாமே" என்று சொல்லக் காத்திருந்தார்கள் என்று. என் சொந்தத் தங்கை உட்பட.

கடைசியாக ஒரு ஏற்பாடு. இது பிள்ளையின் யோசனை. வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு சொல் வைத்துக்கொண்டோம். பணம், ஆபத்து, அவசரம் என்று யார் பேசினாலும், குரல் நம் பிள்ளை குரல் மாதிரியே இருந்தாலும் (இப்போது மெஷின் குரலையும் அப்படியே பேசுகிறதாமே!), முதலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். எங்கேயும் எழுதக் கூடாது, போனில் அனுப்பக் கூடாது. மாமியாருக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. இரண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போன வாரம் மணி அடித்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக எழுந்து போய் எடுத்தார்.

"யாரு?... பட்டுவா? சரி, அந்த வார்த்தையைச் சொல்லு."

அந்தப் பக்கம் என்னவோ சொன்னான்.

"பணம் கேக்கலைன்னா என்ன? எனக்கு வார்த்தை வேணும்... மறந்துடுத்தா? அப்படின்னா நீ யாரோ!"

டொக்கென்று வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, என்னிடம் வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து என் செல்போன் அடித்தது. "அம்மா, பாட்டி என்னை வெச்சுட்டா! அந்த வார்த்தை என்னன்னு சொல்லேன்..."

"போனில் சொல்லக் கூடாதுடா. தீபாவளிக்கு வரும்போது காதுல சொல்றேன்" என்றேன்.